ஸ்ட்ரெச்சர் கைமாறும் நேரம்

(கோபிசெட்டிபாளையத்தில் 108 ஊழியர்களும் அவசரப் பிரிவுச் செவிலியர்களும் கலந்துகொண்ட பயிற்சி நாளில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. 108 தம்பி தங்கைகள் இந்தப் பக்கமும் சிஸ்டர்கள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இருக்கட்டும், பேச்சு முடிந்ததும் எப்படியும் கலந்து உட்காரத்தான் போகிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலம் தொட்டு ஓய்வு பெறும்வரை அவசரப் பிரிவிலேயே இருந்தவள். வைத்திய முறைகளை டாக்டர்கள் மதியம் சொல்லுவார்கள். நோயாளி உங்கள் கையிலிருந்து எங்கள் கைக்கு மாறுகிற அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008-ல். அதற்கு முன்பெல்லாம் அடிபட்டவரை வாடகைக் காரிலோ டெம்போவிலோ போட்டுக்கொண்டு வருவார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால், "தெரியலீங்க சிஸ்டர், ரோட்டுல கெடந்தாருங்க" என்பதோடு சரி. இன்றைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே வருகிறார். நாடி, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் பார்த்ததும் கேட்டதும் எங்களிடம் முழுசாக வந்து சேர்கிறதா என்றால், பல ராத்திரிகளில் இல்லை. எனக்கு ஆற்றாமையே அதில்தான்.

அவிநாசி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தவர் வண்டியை விட்டு எத்தனை அடி தள்ளிக் கிடந்தார், தலையில் ஹெல்மெட் இருந்ததா என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கிற யாரும் பார்த்திருக்க முடியாது. தென்னையிலிருந்து விழுந்தவர் உழுத மண்ணில் விழுந்தாரா, கிணற்றுத் திட்டில் விழுந்தாரா? விழுந்ததும் காலை அசைத்தாரா? எந்த ஸ்கேனும் இதைச் சொல்லாது. அந்த இடத்தில் நின்ற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எங்கள் முதல் கேள்வியே மணி எத்தனை என்பதுதான். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை என்று வைத்துக்கொள்வோம். "காலைல ஆறு மணிக்கு எந்திரிக்கும்போதே அவருக்குக் கை வரலீங்க" என்கிறார் வீட்டுக்கார அம்மா. ஆறு மணி என்று எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் அப்படியே தூங்கினாரா, நாலு மணிக்கு எழுந்து மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டாரா? நாலு மணிக்குத் தட்டுப் போட்டிருந்தால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பத்து மணி என்றால் டாக்டர் வேறு வழி யோசிக்க வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்த அந்த அம்மா பல சமயம் வண்டியில் ஏற மாட்டார், மாடு கன்றைப் பார்க்க ஆள் இருக்காது. ஏறி வருவது பேரன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே தம்பிகளே, புறப்படும் முன் அந்த அம்மாவின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சிஸ்டர் கையில் அதைக் கொடுத்தால் போதும், மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

தோட்டத்து மருந்து உள்ளே போனவர்களுக்குப் பாட்டில்தான் சாட்சி. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து என்றால் அட்ரோபின் என்கிற மாற்று மருந்து உடனே ஓட வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லி என்றால் கதையே வேறு. கை தானாக எடுத்து மாட்டுகிற ஆக்ஸிஜனே அங்கே நுரையீரலைக் கெடுக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் இறங்கினால் ஒழியக் கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை உறவினர் கொண்டு வந்த பாட்டில் ஆம்புலன்ஸ் சீட்டுக்கு அடியிலேயே கிடந்து, வண்டியோடு அடுத்த கேஸுக்குப் போய்விட்டது. போன் பண்ணித் திரும்ப வரவழைத்தோம். அது வந்து சேரும் வரை வைத்தியம் ஊகத்தில்தான் நடந்தது. பாட்டிலை மூடி, பாலிதீன் பையில் போட்டு, சிஸ்டர் கையிலேயே கொடுங்கள். முடியாவிட்டால் லேபிளைப் போட்டோ எடுங்கள்.

பாம்புக்கடியில் கடித்த நேரத்தோடு இன்னொன்றும் வேண்டும். வழியில் என்ன மாறியது? கட்டுவிரியன் கடித்த இடம் பல பேருக்குக் கண்ணுக்கே தெரியாது. ஏற்றும்போது நன்றாகக் கண் திறந்திருந்தவருக்கு அந்தியூர் தாண்டியதும் இமை சரிய ஆரம்பித்தது என்றால், அடுத்து மூச்சும் தளரலாம் என்று அந்த ஒரு வரி எங்களை மூச்சுக்குக் குழாய் போடத் தயாராக வைக்கும். வீட்டில் இறுக்கிக் கட்டிய கயிற்றை அவிழ்த்தீர்களா, அப்படியே விட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள். தலைக்காயத்திலும் இதே கதைதான். நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று காட்டுகிற கிளாஸ்கோ அளவு 9 என்று மட்டும் சொன்னால் பாதிதான் தெரியும். ஏற்றும்போது 14, இப்போது 9 என்றால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று டாக்டர் உடனே ஸ்கேனுக்குத் தள்ளுவார்.

இப்போது நம் பக்கம், சிஸ்டர்களே. ராத்திரி டூட்டியில் ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் சொந்தக்காரர்கள் அழுகை, இன்னொரு பக்கம் உயிருக்கு ஆபத்தானவர்களை வைக்கிற சிவப்புப் பகுதியில் ஏற்கெனவே இரண்டு பேர். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் தம்பி பேசப் பேச நாம் பிரஷர் கஃப்பைச் சுற்றிக்கொண்டிருப்போம். காது அவரிடம் இருப்பதாக நினைப்போம், இருக்காது. மூச்சு நின்றுவிட்டது, ரத்தம் பீறிடுகிறது, நெஞ்சு அழுத்தம் நடக்கிறது என்றால் கை வேலை செய்யட்டும். மற்றபடி அரை நிமிஷம் கையை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள், தப்பிருந்தால் அங்கேயே அவர் திருத்துவார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பது இதற்கு ஈடாகாது. இமை எங்கே சரிந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

சொல்லுகிறவருக்கு ஒரு வரிசை இருந்தால் கேட்கிறவருக்குச் சுலபம். வயது, எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது, என்ன காயம் அல்லது தொந்தரவு, அளவுகள், நீங்கள் என்ன செய்தீர்கள். வெளிநாடுகளில் ராணுவ மருத்துவத்தில் பழக்கப்பட்ட வரிசை இது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்காக வெளியிட்ட ஒன்பது தீர்வுகளில் இந்தக் கைமாற்றமும் ஒன்று. அதிலும் ஒரே மாதிரியான முறையில் சொல்லவும், கேட்கவும் பதில் சொல்லவும் நேரம் ஒதுக்கவும்தான் சொல்கிறார்கள்.

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிற ரெஃபரல் கேஸில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே செய்தி இரண்டு முறை கைமாறுகிறது. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு அனுப்புவார்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது வந்து சேராவிட்டால் இங்கே மறுபடியும் முழு அளவு போட்டுவிட வாய்ப்பு உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கிவிடும். அனுப்புகிற சிஸ்டர் சீட்டில் எழுதினாலும் வாயாலும் சொல்ல வேண்டும். தம்பி அதைக் கேட்டு வாங்காமல் கதவைச் சாத்தக் கூடாது.

முன்கூட்டியே போன் செய்வதும் அப்படித்தான். தாளவாடியிலிருந்து இறங்கினால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் போன் சிக்னலை நம்ப முடியாது. அடிவாரத்தில் பண்ணாரி வந்ததும் போன் பண்ணுங்கள். சத்தியமங்கலத்தில் படுக்கையும் ஆளும் தயாராக நிற்க அது போதும். போன் எடுக்கிற சிஸ்டரும் "சரி, வாங்க" என்று வைத்துவிடாமல், மூச்சு எப்படி, நினைவு இருக்கா, இன்னும் எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு ஆசையும் எனக்கு உண்டு. நோயாளியை விட்டுவிட்டுப் போன தம்பிக்கு அவர் பிழைத்தாரா என்று தெரிவதே இல்லை. அடுத்த முறை வாசலில் பார்க்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், "அந்த அண்ணன் எப்படிங்க சிஸ்டர் இருக்காரு?" அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன நேரம் உதவியது, அல்லது இதையும் கேட்டு வந்திருக்கலாம் என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சரி, எழுந்து கலந்து உட்காருங்கள். ஒரு தம்பி, ஒரு சிஸ்டர். முதல் கேஸ்: தாராபுரம் ரோடு, ஐம்பது வயதுப் பெண், மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தவர், சேலை சக்கரத்தில் மாட்டி விழுந்திருக்கிறார். வரும் வழியில் இரண்டு முறை வாந்தி. தம்பிகள் ஆரம்பியுங்கள். சிஸ்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.