16 நிமிஷம் ரேஸ், மிச்சதெல்லாம் மைக்

எல்லாருக்கும் வணக்கங்க. மேடை ஏறுறதுக்கு முன்னாடியே வாசல்ல ஒரு தம்பி புடிச்சுக்கிட்டாரு, "சார், ஸ்பீட்வேன்னா ஃபார்முலா ஒன் மாதிரியா?"ன்னு. சுத்தமா இல்ல தம்பி. ஓவலா ஒரு மண் ட்ராக்கு, 4 பைக்கு, 4 ரவுண்டு, எப்பவும் இடது பக்கமாவே திரும்பணும், 500 சிசி இன்ஜின், மெத்தனால்ல ஓடும், ஒரே கியர், பிரேக் கிடையாது. ஆமாங்க, பிரேக்கே கிடையாது. வளைவு வந்தா பின் சக்கரத்த வழுக்க விட்டு, இரும்புத் தகடு மாட்டின இடது கால தரையில தேச்சுக்கிட்டே திரும்புவாங்க. முதல்ல வந்தா 3 பாயிண்ட், அடுத்து 2, அப்புறம் 1, கடைசி ஆளுக்கு முட்டை.

இப்ப ஒரு சின்ன கணக்கு. ஒரு ரேஸ் முடிய ஒரு நிமிஷம், ஒண்ணேகால் நிமிஷம், அவ்ளோதான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயத்துல ஒரு மேட்ச்சுக்கு 14 ஹீட், ஹீட்னா ஒரு ரேஸ். பெருக்கிப் பாருங்க, மொத்தமா பதினாறு பதினேழு நிமிஷம்தான் பைக் ஓடுது. ஆனா சனம் ஸ்டேடியத்துல ரெண்டு மணி நேரம் நிக்குது. அப்ப மிச்ச நேரம் என்ன நடந்துச்சு? நான் இன்னைக்கு பேச வந்ததே அந்த மிச்ச நேரத்தப் பத்திதான்.

அந்த நேரம் முழுக்க மைக்குக்காரரோடது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ரேஸ் ஓடும்போது அவரால ஒண்ணும் பண்ண முடியாது, சைலன்சர் இல்லாத 4 இன்ஜின் கத்துறப்போ எந்தக் குழாய் ஸ்பீக்கர் எடுபடும்? கிரிக்கெட் கமெண்டேட்டர் மாதிரி ஆட்டத்து கூடவே பேசுற வேலை இல்ல இது. பைக் நின்னதும்தான் இவரு வாயத் தொறக்கணும். கூட்டத்துல ஆளாளுக்கு கையில ப்ரோகிராம் புத்தகம், பென்சில். ஒவ்வொரு ஹீட்டுக்கும் கட்டம் போட்டிருக்கும், பாயிண்ட்ட அவங்களே எழுதிக்கணும். சிவப்பு ஹெல்மெட் யாரு, நீலம் யாரு, எவன் விழுந்தான், ரெஃப்ரி யார ரேஸ்லருந்து தூக்குனாரு, எல்லாமே அவரு வாயிலருந்துதான் வரணும். கடைசியா டைம். அத டக்குனு சொல்லிட மாட்டாரு நல்ல அனவுன்சர். ட்ராக் ரெக்கார்டா இருக்குமோன்னு ஆயிரக்கணக்குல பென்சில் அந்தரத்துல நிக்கும், அந்த ஒரு மூச்சு நேரத்த அப்படியே இழுத்துப் புடிப்பாரு.

அப்படி கூட்டத்தக் கட்டிப்போடுற வித்தையில பெரிய கை ஜானி ஹாஸ்கின்ஸ். அனவுன்சர்னு சம்பளம் வாங்குன ஆள் இல்ல, ப்ரொமோட்டரு. ஆனா நடத்துறவனே காட்சிப்பொருளா மாறணும்னு மொதல்ல புரிஞ்சுக்கிட்டவரு. 1892ல நியூசிலாந்துல பொறந்து, ஆஸ்திரேலியாவுல வெஸ்ட் மைட்லாண்ட்ங்கிற ஊர்ல விவசாயக் கண்காட்சி சங்கத்துக்கு செக்ரட்டரியா இருந்தாரு. அங்க 1923 டிசம்பர் 15 ராத்திரி லைட்டப் போட்டு மைதானத்துல பைக் ரேஸ் விட்டாரு, ஸ்பீட்வே பொறந்ததே அன்னைக்குத்தான்னு ஒரு கதை. ஆராய்ச்சி பண்ணவங்க ஒத்துக்க மாட்டாங்க, அதுக்கு முன்னாடியே மண் ட்ராக்ல பைக் ஓடியிருக்குன்னு சொல்வாங்க. அது சரிதான். ஆனா ஊர் ஊரா நம்புனது என்னமோ ஹாஸ்கின்ஸ் கதையத்தான், மனுஷன் அப்படி சொல்லியிருக்காரு!

இங்கிலாந்துல 1928 பிப்ரவரி 19, லண்டனுக்குப் பக்கத்துல எப்பிங் காட்டுப் பக்கம் ஹை பீச்ல ஒரு பப்புக்குப் பின்னாடி இருந்த ட்ராக்ல ரேஸ் வச்சாங்க. மூவாயிரம் பேர் வந்தாலே பெருசுன்னு நெனச்ச எடத்துல பல்லாயிரம் பேர் வந்து குவிஞ்சுட்டாங்க. அந்த வருஷமே ஹாஸ்கின்ஸும் கப்பலேறி இங்கிலாந்து வந்துட்டாரு. 1930கள்ல அவரு கோட்டை எதுன்னா, நாம இப்ப உக்காந்திருக்கிற ஈஸ்ட் ஹாம்லருந்து கூப்பிடு தூரம், கஸ்டம் ஹவுஸ்ல இருந்த வெஸ்ட் ஹாம் ஸ்டேடியம். துறைமுகத்துல மூட்டை தூக்குற சனம், ஃபேக்டரி சனம், குடும்பம் குடும்பமா வரும். இன்ஜின்ல ஊத்துற ஆயில் ஆமணக்குலருந்து எடுக்குறது, அதாங்க நம்ம விளக்கெண்ணெய். அது எரியுற வாசனைய ஒரு தடவ மோந்தவன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான்னு பழைய ஆளுங்க இன்னும் சொல்றாங்க.

அங்க ஹாஸ்கின்ஸ் என்ன பண்ணுவாருன்னா, தொப்பி. இவரு தொப்பியப் புடுங்கி ரைடருங்க நெருப்பு வச்சுருவாங்க! ஒரு தடவ நடந்த குறும்பு இல்ல, அது ஒரு வழக்கமாவே ஆயிப்போச்சு. ரேஸ் தோத்தாலும் தொப்பி எரியுறதப் பாத்துட்டுப் போலாம்னு கூட்டம் நிக்கும். சிரிக்க வச்சா போதும்னு விட்டுட்ட ஆளும் இல்ல, டீமும் உருப்படியான டீம். 1937ல லீக் ஜெயிச்சாங்க, 1938ல அவங்க ஆளு ப்ளூயி வில்கின்சன் உலக சாம்பியன். இந்த ப்ளூயி 1936ல வெம்ப்ளியில நடந்த முதல் உலக ஃபைனல்ல ஓடுன 5 ரேஸும் ஜெயிச்சும் மூணாவது எடம்தான், தகுதிச் சுத்துல வாங்குன போனஸ் பாயிண்ட்டயும் சேத்து கணக்குப் போட்டதால. அஞ்சுக்கு அஞ்சு ஜெயிச்சவன் ஏன் மூணாவதுன்னு அத்தன ஆயிரம் பேருக்கு அந்த ராத்திரி மைக்குல வெளக்கி சொன்னவரு யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடணும்.

போருக்கு அப்புறம்தான் உச்சம். லண்டன்ல திங்கள்னா விம்பிள்டன், செவ்வாய் வெஸ்ட் ஹாம், புதன் நியூ கிராஸ், வியாழன் வெம்ப்ளி, வெள்ளி ஹாரிங்கே. கையில காசிருந்தா வாரம் அஞ்சு நாளும் ரேஸ். வெம்ப்ளியில ஒரு தடவ உள்ள 85 ஆயிரம் பேர், எடம் கிடைக்காம வெளிய 20 ஆயிரம் பேர், வெளிய நின்னவங்க ஸ்பீக்கர்ல வந்த வர்ணனையக் கேட்டுட்டே நின்னாங்கன்னு சொல்வாங்க. யோசிச்சுப் பாருங்க, பைக் கண்ணுல படல, கொரல் மட்டும்தான். அதுக்கே 20 ஆயிரம் பேர்! இவ்ளோ கூட்டம் வந்தும் கல்லாவுல நிக்கல, கிட்டத்தட்ட பாதிய கேளிக்கை வரின்னு அரசாங்கம் உருவிருச்சு. டிவியும் வந்துச்சு, ட்ராக் ஒண்ணொண்ணா பூட்டிட்டாங்க.

ஹாஸ்கின்ஸ் சளைக்கல. கிளாஸ்கோவுல ஆஷ்ஃபீல்ட் டீம நடத்துனாரு. அங்க கென் லெ பிரட்டன்னு ஒரு ஆஸ்திரேலியப் பையன், எல்லாரும் கருப்புத் தோலுடை போட்டா இவன் மட்டும் வெள்ளை, பேரு 'ஒயிட் கோஸ்ட்', வெள்ளைப் பேய். மைக்குல சொல்லிப் பாருங்க அந்தப் பேர, பாதி டிக்கெட் அங்கயே வித்துரும். பாவம், 1951 ஜனவரியில சிட்னியில ரேஸ்ல விழுந்து போயிட்டான்.

அப்புறம் 1968ல, வயசு 76, கேன்டர்பரியில புதுசா ஒரு டீம் ஆரம்பிச்சாரு இந்த மனுஷன். நம்மாளுங்க அந்த வயசுல மாத்திரை டப்பாவத் தேடிட்டிருப்போம். 1987ல காலமானாரு, கேன்டர்பரி ட்ராக்கும் அதே வருஷம் மூடிட்டாங்க.

டிவி காலத்துக் கொரல்னா டேவ் லானிங். பத்திரிகைக்காரரு, ஐடிவியில சனிக்கிழமை ஸ்பீட்வே போட்டா அவரு கொரல்தான், பிற்பாடு டிவியில டார்ட்ஸ், அதாவது பலகையில குட்டி அம்பு எறியுற ஆட்டம், பாத்த எல்லாருக்கும் அவரத் தெரியும். 2016ல தவறிட்டாரு. எனக்கென்னமோ டிவிக்காரங்க வேலை சுலபம்னுதான் தோணும், சத்தத்தக் கொறைக்க ஒரு பட்டன் இருக்குல்ல.

கஸ்டம் ஹவுஸ் ஸ்டேடியம் இப்ப இல்ல, 1972ல இடிச்சு வீடு கட்டிட்டாங்க. போன மாசம் போய் நடந்து பாத்தேன். வில்கின்சன் ரோடு, க்ரூம்ப்ஸ் ரோடு, யங் ரோடு, எல்லாம் ரைடருங்க பேரு. ஹாஸ்கின்ஸ் குளோஸ்னும் ஒண்ணு இருக்கு, முட்டுச் சந்து, பிரேக் இல்லாத ஆட்டத்த நடத்துனவருக்கு முட்டுச் சந்தக் குடுத்திருக்காங்க.

கடைசியா இது, பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியுதா? பழைய சாமான் சந்தையில 2 பவுண்டுக்கு வாங்குன வெஸ்ட் ஹாம் ப்ரோகிராம். யாரோ ஒருத்தர் பென்சில்ல 3, 2, 1, 0ன்னு அழகா நெரப்பியிருக்காரு, ஒரு எடத்துல 2ஐ அடிச்சுட்டு 0 போட்டிருக்காரு, எவனோ கடைசி வளைவுல விழுந்திருக்கான் போல. எல்லா ஹீட்டுக்கும் டைம் எழுதியிருக்கு, ஒம்பதாவது கட்டம் மட்டும் காலி. கூட்டம் போட்ட கூச்சல்ல அவருக்குக் காதுல விழலயா, இல்ல அனவுன்சர் ரொம்ப நேரம் இழுத்துட்டாரான்னு, வாங்குனதுலருந்து யோசிச்சுட்டே இருக்கேன். கீழ எறங்குனதும் தரேன், கைமாத்தி கைமாத்திப் பாருங்க, டீக் கறை மட்டும் புதுசா படாமப் பாத்துக்கங்க.