எட்டோஷா: வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்

[திரையில்: வெயிலில் கண் கூசும் வெள்ளை நிலம். ஒரு யானை நடந்து வருகிறது.]

இந்த யானையின் நிறத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட வெள்ளை. உடம்பெல்லாம் அப்பியிருப்பது இந்த ஊர் மண்தான்.

இது நமீபியாவின் வடக்கே இருக்கும் எட்டோஷா தேசியப் பூங்கா. 1907இல் காப்பகமாக அறிவித்தார்கள். உள்ளே சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஓர் உப்பு நிலம் விரிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம். நல்ல மழை பெய்த வருடங்களில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், பூநாரைகள் வந்து இறங்கும். மற்ற நாட்களில் வெறும் புழுதி.

சரி, இத்தனை விலங்குகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து?

[திரையில்: நிலத்தின் குறுக்குவெட்டுப் படம்.]

தெற்கு ஓரத்தைக் கவனியுங்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் நிலத்தடி நீர், களிமண் அடுக்கில் முட்டிக்கொள்கிறது. மேற்கொண்டு போக வழியில்லாமல் வெளியே கசிகிறது. அதுதான் ஊற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையே இருக்காது. காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் வற்றிவிடும். அப்புறம் எந்த விலங்கானாலும் இந்த ஊற்றுகளுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

அதனால் சிங்கத்தைத் தேடிப் பூங்கா முழுக்கச் சுற்றாதீர்கள். ஒரே ஒரு நீர்நிலை போதும். என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள்.

[திரையில்: நீர்நிலை. காலை வெளிச்சம்.]

வரிக்குதிரைகள் கூட்டமாக வரும். ஒட்டகச்சிவிங்கி உடனே குடிக்காது. நெடுநேரம் சுற்றுமுற்றும் பார்க்கும். முன்னங்கால்களை அகட்டிக் குனிந்துவிட்டால் சட்டென்று ஓட முடியாது, அந்தப் பயம் அதற்கு. யானைகள் வந்தால் மற்றவை ஒதுங்கி நிற்கும். இதையெல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்க முடியாது.

சொந்தமாகவே வண்டி ஓட்டலாம். நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் போகவேண்டும். முகாம்களுக்கு வெளியே இறங்கக் கூடாது. சூரியன் மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஓர் இரவாவது ஒகௌகுவேயோ முகாமில் தங்குங்கள். முகாமை ஒட்டியே ஒரு நீர்நிலை, இரவு முழுக்க மங்கலான விளக்கு. பெரும்பாலும் தனியாகவே திரியும் கருப்புக் காண்டாமிருகங்கள் இங்கே ஒன்றிரண்டாக வந்து சேரும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும்.

போகும்போது போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை இரவுகளில் நல்ல குளிர்.