ஒரு கழித்தல் குறியும் ஆறு ஆண்டுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

காகிதமும் பென்சிலும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐந்து என்று எழுதுங்கள். அதையடுத்துக் கழித்தல் குறி, பிறகு இரண்டு. அதை ஒட்டி ஓர் அடைப்புக்குறி. அதற்குள் எக்ஸ் கழித்தல் மூன்று. இப்போது அடைப்புக்குறியை நீக்கிச் சுருக்குங்கள். விடை, பதினொன்று கழித்தல் இரண்டு எக்ஸ்.

செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் என் வகுப்பில் பாதிப் பேராவது தவறாகத்தான் எழுதுகிறார்கள். பிழையும் பெரும்பாலும் ஒன்றேதான். இரண்டை உள்ளே பெருக்கிவிடுவார்கள்; அதன் முன்னால் நிற்கும் கழித்தல் குறியை மூன்றுவரை கொண்டுபோக மறந்துவிடுவார்கள். கூட்டல் ஆறு வரவேண்டிய இடத்தில் கழித்தல் ஆறு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். அங்கே ‘எர்லி காலேஜ்’ என்று ஒரு திட்டம் உண்டு. பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே மாணவர்கள் கல்லூரிப் பாடங்களையும் எடுத்து, பள்ளிச் சான்றிதழோடு ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் சேர்த்தே வாங்குவார்கள். வீட்டுக்குச் செலவு கிடையாது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் அப்படி ஒரு திட்டத்தை எங்கள் பள்ளியில் தொடங்கி நடத்தும் குழுவில் நானும் ஒருவன். விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பதை அறிந்து, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

இந்த யோசனை புதிதல்ல. 1974-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், லகார்டியா சமுதாயக் கல்லூரியின் வளாகத்துக்குள்ளேயே ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. ஜேனட் லீபர்மன் என்ற பேராசிரியையின் முயற்சி அது. யாருக்காகத் தொடங்கினார் என்பதுதான் என் மனதில் பதிந்த செய்தி. முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்காக அல்ல. படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடும் என்று கருதப்பட்ட பிள்ளைகளுக்காக. கல்லூரி கண்ணெதிரே இருந்தால், அங்கே நடமாடுகிறவர்களில் தாங்களும் ஒருவராக இருந்தால், படிப்பின் மேல் பிடிப்பு வரும் என்று அவர் நம்பினார். 2001-இல் நியூயார்க் நகரில் பார்ட் கல்லூரி இதே வழியில் ஓர் அரசுப் பள்ளியை நடத்த முன்வந்தது. 2002-இல் கேட்ஸ் அறக்கட்டளை பணம் கொடுக்க, இத்தகைய பள்ளிகள் பல மாநிலங்களில் வந்தன.

தொழில்நுட்பப் படிப்பில் எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு, புரூக்ளினின் கிரௌன் ஹைட்ஸில் 2011 செப்டம்பரில் திறந்த பி-டெக் (P-TECH) பள்ளி. நம் ஊர் பி.டெக். பட்டம் அல்ல, பள்ளியின் பெயரே அது. நகரக் கல்வித்துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் பதினான்காம் வகுப்புவரை, அதாவது ஆறு ஆண்டு. முடிவில் கணினித் தொழில்நுட்பத்திலோ மின்னியந்திரப் பொறியியல் தொழில்நுட்பத்திலோ ஈராண்டுப் பட்டம். சேர்வதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 2013 அக்டோபரில் அதிபர் ஒபாமாவே அங்கு வந்து பேசினார். 2015-இல் முதல் 6 பேர், ஆறு ஆண்டுப் படிப்பை நான்கே ஆண்டில் முடித்து வெளியே வந்தார்கள்.

அந்த 6 பேரின் புகைப்படம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அவர்களுடைய உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத் திட்டம் தீட்டுகிறவர்கள் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். திட்டத்தை வகுத்தவர்கள் ஆறு ஆண்டு கொடுத்தார்களே, அந்தப் பெருந்தன்மையை அவர்கள் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கிறோமே, அதுதானே இது என்று. நெருங்கிய உறவுதான். ஆனால் பாலிடெக்னிக் போகிற பிள்ளை பள்ளியை விட்டுவிட்டுப் போகிறது. இங்கே பள்ளி கையை விடுவதில்லை. கல்லூரி வகுப்பில் தடுமாறினால் மறுநாள் காலை என்னிடம் வந்து உட்காரலாம். மதிய உணவு, ஆலோசகர், பெற்றோர் கூட்டம் எல்லாம் தொடரும். அந்த ஆதரவுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

எங்கள் பிழையைச் சொல்கிறேன். திட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் கல்லூரிப் பாடம் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பழைய கைப்பேசிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பான், கேள்வி மேல் கேள்வி கேட்பான். பத்தாம் வகுப்பு தொடங்கியவுடன் அவனை மின்சுற்றுப் பாடத்துக்கு அனுப்பினோம். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்.

டிசம்பரில் அவன் தோற்றான். அவனுடைய தேர்வுத்தாளை வாங்கிப் பார்த்தேன். சுற்றை அழகாக வரைந்திருக்கிறான். மின்னோட்டத்தின் திசையைக் குறித்திருக்கிறான். ஒரு சுற்றுப்பாதையை முழுதும் சுற்றிவந்தால் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை சுழியம் என்ற கிர்க்காஃப் விதியைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறான். இரண்டு மின்னோட்டங்களின் வேறுபாட்டை அடைப்புக்குறிக்குள் எழுதி, மின்தடையால் பெருக்கி, கழித்தல் குறியோடு வைத்திருக்கிறான். அடுத்த வரியில் அடைப்புக்குறியைத் திறக்கும்போது, அதே பிழை. கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல். அங்கிருந்து விடைவரைக்கும் எல்லாம் சரிந்துவிட்டது. ஒரு கணக்கில் அல்ல, நான்கு கணக்குகளில். அந்தத் தாளில் நான் பார்த்தது அவனுடைய பிழையை மட்டுமல்ல. முந்தைய ஆண்டு என் வகுப்பில் ஓட ஓட முடித்துவிட்ட ஒரு பாடத்தை.

அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். முதியோரைக் கவனித்துக்கொள்ளும் இரவு வேலை அவருக்கு. முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். கல்லூரி மதிப்பெண் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தார். அதை மேசைமேல் விரித்து, “சார், இதை அழிக்க முடியாதா?” என்று கேட்டார். முடியாது. பள்ளிப் பாடத்தில் தோற்றால் பள்ளியோடு போகும். கல்லூரிப் பாடத்தில் தோற்றால் அது கல்லூரிப் பதிவேட்டில் ஏறிவிடும். பின்னாளில் அவன் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் கேட்பார்கள். உதவித்தொகை கொடுக்கும்போது, எடுத்த பாடங்களில் எத்தனை தேறினாய் என்று கணக்குப் பார்ப்பார்கள். பதினைந்து வயதில் நாங்கள் அவன் தலையில் ஏற்றிவைத்த சுமை அது. இதையெல்லாம் அனுப்புவதற்கு முன்பே அந்தத் தாய்க்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எண்ணிக்கையைத் துரத்துவதை விட்டோம். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்துக்கு நாள்தோறும் இரட்டைப் பாடவேளை வைத்தோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தவறு நோட்டு: தான் செய்த பிழையை அப்படியே எழுதி, எந்த வரியில் வழி தப்பியது என்று தன் சொற்களில் பக்கத்தில் எழுதவேண்டும். கோடையில் கணித வகுப்பு. கணித ஆசிரியர், அறிவியல் ஆசிரியர், ஆலோசகர் மூவரும் ஒப்பாமல் யாரையும் கல்லூரிப் பாடத்துக்கு அனுப்புவதில்லை. மாநிலத் தேர்வில் தேர்ச்சிக்கு 65 மதிப்பெண் போதும். கல்லூரிக் கணிதம் எடுக்க அது போதாது என்பதைப் பெற்றோரிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் சேர்க்கையில் வடிகட்டும் வேலையை மட்டும் நாங்கள் செய்யவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்தால் முடிவுகள் பளபளக்கும்; அந்தப் பிள்ளைகள் இந்தத் திட்டம் இல்லாமலும் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

மற்ற சிக்கல்கள் வெளியே தெரியாதவை. எங்கள் பள்ளி திறப்பது செப்டம்பரில். கல்லூரியோ ஆகஸ்ட் கடைசி வாரமே தொடங்கிவிடும். எங்கள் பாடவேளை 45 நிமிடம், அன்றாடம் மணி அடிக்கும். கல்லூரி வகுப்பு வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஒரு மாணவி கல்லூரிக்குப் போய்த் திரும்புவதற்குள் வேதியியல் பாதி போயிருக்கும். இன்னொன்று, பயண அட்டை. நகரம் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச அட்டையில் ஒரு நாளைக்கு மூன்று பயணம்தான். வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து வீடு, சரியாகத் தீர்ந்துவிடும். ஆனால் அது பள்ளி நாளில் மட்டுமே செல்லும். ஆகஸ்ட் கடைசி வாரம் பள்ளி நாள் அல்லவே. கல்லூரியின் முதல் வகுப்புக்கு வராத பிள்ளைகளை அக்கறையில்லாதவர்கள் என்று ஒரு பேராசிரியர் குறைசொன்னார். விசாரித்தால், சிலர் கையில் பஸ்ஸுக்குக் காசில்லை. 2024-இல் நகரம் அந்த அட்டையை மாற்றி, ஆண்டு முழுவதும் எல்லா நாளும் நான்கு பயணம் என்று ஆக்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு எந்த ஆய்வகமும் செய்யாத நன்மையை அந்த அட்டை செய்தது என்று நான் மனமாரச் சொல்வேன்.

ஆசிரியர் தகுதியும் தலைவலிதான். பள்ளி ஆசிரியரே கல்லூரிப் பாடத்தைப் பள்ளியில் நடத்தினால் பயணமே வேண்டாம். ஆனால் கல்லூரிகள் பொதுவாக அந்தந்தப் பாடத்தில் முதுநிலைப் படிப்பைக் கேட்கும். எங்களில் பலரிடம் இருப்பது கல்வியியலில் முதுநிலைப் பட்டம். பணமும் அப்படித்தான். கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை, பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. கல்லூரிக் கட்டணத்தை மாநிலமோ நகரமோ ஏற்கவேண்டும். வரவுசெலவுத் திட்டம் வரும் ஒவ்வோர் ஆண்டும் மனம் படபடக்கும்.

இவ்வளவு சிரமத்துக்குப் பலன் உண்டா? உண்டு. குலுக்கல் முறையில் சேர்க்கை நடத்திய பள்ளிகளை எடுத்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-இல் அமெரிக்காவில் வெளியானது. ஆய்வுக் காலம் முடிவதற்குள் கல்லூரிப் பட்டம் ஒன்றைப் பெற்றவர்கள், இடம் கிடைத்தவர்களில் 22 சதவீதம், கிடைக்காதவர்களில் 2 சதவீதம். குலுக்கலில் பெயர் வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் அந்த இரு கூட்டத்துக்கும் இடையே இருந்த வேற்றுமை.

அந்தப் பையன் பாடத்தை மீண்டும் எடுத்தான், பன்னிரண்டாம் வகுப்பில். நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். பழைய மதிப்பெண் சராசரியில் சேராமல் நீக்கப்பட்டது. பதிவேட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆறாம் ஆண்டில் பட்டம் வாங்கினான். இப்போது ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறான். சென்ற ஜூலையில் வேலை முடித்துச் சீருடையோடே எங்கள் கோடை வகுப்புக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்புக்கு வரப்போகும் சிறுமி ஒருத்தி அடைப்புக்குறிக் கணக்கில் திகைத்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பென்சிலை வாங்கவில்லை. “இரண்டாவது வரியை எனக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டு” என்றான். அவள் படித்தாள். பாதியில் நிறுத்தி, அழிப்பானை எடுத்தாள்.

நன்றி, வணக்கம்.