பிள்ளைகளின் பாடகர் குழுவுக்கு எதை முதலில் சொல்லித்தருவது?

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பாடகர் குழுவை நடத்துகிறவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இசைக் கோட்பாடு என்றதும் கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு, கிளெஃப், குரோச்செட், குவேவர் என்று இசைக்குறிகளாகப் பிள்ளைகளை எழுதவைக்கிறோம். அவர்களும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சுரத்தைக் கொடுத்து, "அடுத்ததைப் பாடு" என்றால் விழிக்கிறார்கள். இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் பாடட்டும், பாடியதற்குப் பெயர் வரட்டும், கோடு அதற்கப்புறம்.

இது புது யோசனை இல்லை. 1841இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கூடியபோது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஜான் கர்வென் என்ற இளம் போதகரிடம் வந்தது. நாரிச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்திருந்த முறையை எடுத்து அவர் வளர்த்ததுதான் டானிக் சோல்ஃபா; சுரங்களை டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்று பெயர் சொல்லிப் பாடும் முறை. அதை அச்சிடச் சாதாரண எழுத்துகளே போதும். அதனால் ஏழைப் பிள்ளைகள் கைக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது. நம் சபைகளிலும் மூத்தவர்கள் பலர் சோல்ஃபா பார்த்துத்தான் ஆல்ட்டோ, டெனர் என்ற குரல் பகுதிகளைப் படித்தார்கள். அதைப் பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒவ்வொரு சுரத்துக்கும் கையால் காட்டும் கர்வெனின் கைச்சைகைகளைக் கவனியுங்கள். டீக்கு விரல் மேலே காட்டும், ஃபாவுக்குக் கீழே காட்டும். காரணம் இருக்கிறது. டீக்கும் மேல் டோவுக்கும் நடுவே அரைச்சுர தூரம்தான். மீக்கும் ஃபாவுக்கும் அப்படியே. டீ மேலே ஏறத் துடிக்கும், ஃபா மீயில் இறங்கப் பார்க்கும். பாட்டை டீயில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், யாராவது ஒருவர் தானாகவே டோவைப் பாடி முடித்துவிடுவார். டோவிலிருந்து மேல் டோ வரை ஏறும் இந்த மேஜர் ஸ்கேல் என்றால் என்ன என்பது அந்த இடத்தில் புரிந்துவிடுகிறது. விளக்கம் அதற்குப் பிறகு இரண்டு வரி போதும்.

ஒரு எச்சரிக்கை. "டோ ரே மீ என்றால் ச ரி க தான்" என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளை தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் பாடிப் பழகியிருக்கும். அதில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) ரேயையும் லாவையும்விட இறங்கியவை. அந்தப் பிள்ளையிடம் மேஜர் ஸ்கேலுக்கு ஒத்த ராகமான சங்கராபரணம் என்று சொல்லுங்கள், சரியாகப் பிடித்துக்கொள்ளும். கீர்த்தனையும் பாமாலையும் ஒரே ஆராதனையில் பாடுகிற நமக்கு இந்த இரண்டு வாசலுமே சொந்தம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சுருதிகளை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தார்! அவரும் நம் சபையார்தான்.

தாளத்துக்குக் கைத்தட்டலும் நடையும் போதும்.

சுருதியைப் பெரியவர்கள் வசதிக்காகத் தாழ்த்தாதீர்கள். அடித்தொண்டையில் பாடவைத்தால் பிள்ளைகள் பேச்சுக்குரலில்தான் கத்துவார்கள். கீபோர்டில் நடு சி-க்கு (C) அடுத்த டி-யிலிருந்து (D) மேல் டி வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுகமான இடம்.

சரி, எல்லாரும் எழுந்து நில்லுங்கள். வலது கையை நீட்டுங்கள். டோவில் தொடங்கி ஃபா வரை போய், மீயில் இறங்குவோம்.