மெல்டெமி வீசும் மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்டில் கிரீஸின் மிக்கோனோஸ் தீவுக்குக் கிளம்புகிறவர் கைப்பேசியில் பார்ப்பது 29 டிகிரி, மேகமே இல்லாத வானம். சென்னையின் மார்கழிப் பகல் மாதிரிதானே என்று தோன்றும். அங்கே போய் இறங்கியதும் தொப்பி பறந்துவிடும்.

வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்றின் பெயர் மெல்டெமி. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடுதல், துருக்கிப் பக்கம் குறைவு. நடுவில் ஈஜியன் கடல் ஒரு வாய்க்கால் போல ஆகிவிடுகிறது. அந்தக் குறைந்த அழுத்தம், நம் தென்மேற்குப் பருவமழையை இழுத்துவரும் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால். நமக்கு மழை கொட்டும் அதே மாதங்களில் அங்கே காற்று கொட்டுகிறது.

இதில் நன்மையும் உண்டு. ஏதென்ஸ் 36 டிகிரியில் வேகும்போது தீவில் புழுக்கம் இருக்காது. ஆனால் காற்று தோலைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. சாயங்காலம் தோள் சிவந்த பிறகுதான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசுங்கள். இரவுக்கு ஒரு மெல்லிய சால்வை வேண்டும். வடக்கு பார்த்த பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், உட்காரவே முடியாது.

குளிக்க பிளாட்டிஸ் யாலோஸ், ஓர்னோஸ் போன்ற தெற்குக் கரைகள் நல்லவை. அங்கே அலை அடங்கியிருக்கும். வடக்கே ஃப்டெலியாவைப் பாய்மரப் பலகைக்காரர்களுக்கு விட்டுவிடலாம். தெற்கிலும் ஒரு பொறி உண்டு. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத் தண்ணீர் குளம் போலத்தான் இருக்கும். ஆனால் காற்றடைத்த மெத்தையில் குழந்தை படுத்திருந்தால் சில நிமிடங்களில் எட்டாத தூரம் போய்விடும். மெல்டெமி நாளில் மிதவைகளை அறையிலேயே வையுங்கள்.

கப்பல் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிரேக்க வானிலை அறிக்கை காற்றை பஃபோர்ட் எண்ணில் சொல்லும். 6 என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர்; வயிறு புரளத் தொடங்கும். 8 என்றால் 62க்கு மேல். முதலில் நிறுத்தப்படுபவை வேகமான கட்டமரான்கள் (நம் கட்டுமரம்தான், பெயர் ஊர் சுற்றி வந்திருக்கிறது). பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகும் ஓடும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து அவற்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேரம், வேகக் கப்பலுக்கு அதில் பாதி. ஆகஸ்டில் நான் பரிந்துரைப்பது பெரியதைத்தான். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போடுங்கள், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கப்பலை நிறுத்தினால் டிக்கெட் பணமோ வேறு கப்பலில் இடமோ கிடைக்கும். தவறவிட்ட விமானத்துக்கு அந்தக் கப்பல்காரர் பொறுப்பில்லை. ஆகவே கடைசி இரவை ஏதென்ஸில் தங்குங்கள். தேதியை மாற்ற முடிந்தால் செப்டம்பர் பிற்பாதி: காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும், கடல்நீர் இன்னும் 23 டிகிரி அளவில் இருக்கும். மே மாதத்திலும் காற்று குறைவுதான், ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் கூசும்.