ஓடத்தில் ஏறிய வண்டி

(பினாங்கில் தமிழ் அன்பர்கள் கூடிய ஆண்டு விழா ஒன்றில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

அவைத் தலைவர் அவர்களே, தம் பல அலுவல்களுக்கு இடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, அவருக்குத் துணையாக வந்திருக்கும் டத்தின் அம்மையார் அவர்களே, ஆலயப் பொறுப்பாளர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்குப் பசியாற ஏற்பாடு செய்திருக்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன முறை ஒருவரை விட்டுவிட்டு, அவர் வீட்டுக்கே போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஜார்ஜ்டவுனின் சுற்றுலாவும் போக்குவரத்து வளர்ச்சியும்’. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, வானும் ரயிலும். இரண்டு, பழைய கடைவீடுகளின் வாடகை. மூன்று, கடல். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் வைத்திருக்கிறேன். ‘வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்.’ என் பாட்டி சொன்னது. வாழ்வின் ஏற்ற இறக்கத்துக்கு அவர் சொன்னார். நான் போக்குவரத்துக்குச் சொல்கிறேன்.

முதலில் வானம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளைத் தாங்கும் நிலையிலிருந்து 120 லட்சத்துக்கு விரிக்கிறார்கள். 2024 டிசம்பரில் சென்னைக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. நம் முன்னோர் எப்படி வந்தார்கள்? ஃபிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே கொடி நட்டார். சில ஆண்டுகளிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கப்பலில் வந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று அவரே எழுதிவைத்தார். அப்புறம் ‘ரஜூலா’. 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று வந்துபோனது. அதன் பின் ‘சிதம்பரம்’ என்ற கப்பல். 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. ரஜூலாவில் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கை தூக்குங்கள். அதோ, பின்வரிசையில் அம்மா ஒருவர். அவருக்கு ஒரு கைத்தட்டல்.

ரயில் விஷயம் எல்லாருக்கும் தெரியும். முத்தியாரா எல்ஆர்டி என்னும் இலகு ரயில், 29.5 கிலோமீட்டர், 2025 தொடக்கத்தில் பணி தொடங்கியது. கடலைத் தாண்டி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் போகும். வரவேற்கிறேன். இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1906 முதல் இங்கே மின்சார டிராம் ஓடியது. 1936இல் அதை நிறுத்தினார்கள். மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிய டிராலி பஸ்ஸும் 1961இல் நின்றது. இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, நெரிசல் வந்த பிறகு திரும்பவும் தண்டவாளம் போடுகிறோம். சுங்கத் துறை இருக்கும் அந்த மணிக்கூண்டுக் கட்டடம் பழைய ரயில்வே கட்டடம்தானே? தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம்! அங்கே டிக்கெட் வாங்கி, கடலைக் கடந்து, அக்கரையில் ரயில் ஏற வேண்டும். அதாவது ரயிலுக்கும் கடலுக்கும் உள்ள உறவு அன்றைக்கே தெரிந்திருந்தது.

கடல் என்று சொல்லிவிட்டேன். இனி என்னை நிறுத்துவது கஷ்டம்.

தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் திறந்தது 1985இல். அதற்கு முன் என் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தீவில், ஜார்ஜ்டவுனில்; பெண் வீடு அக்கரையில், பிறையில். காடிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் ஃபெர்ரிப் படகில்தான் கடக்க வேண்டும். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. மாப்பிள்ளைக் காடியில், அதாவது காரில், பின்சீட்டில் நானும் இரண்டு சித்திமாரும், மடியில் தாம்பாளத் தட்டுகள். ஃபெர்ரிக் கட்டணம் தீவுக்கு வரும்போதுதான், அக்கரைக்குப் போக இலவசம் அல்லவா? ‘போகும்போது நமக்கு இலவசம், திரும்பி வரும்போது சம்பந்தி பார்த்துக்கொள்வார்’ என்று பெரியப்பா காலையிலேயே கணக்குப் போட்டுவிட்டார். எங்களுக்கு முன்னால் ஒரு கோழி லாரி ஏறியது. நடுக்கடலில் எங்கள் நாதஸ்வரக்காரருக்கு உற்சாகம் வந்து தோடியை எடுத்தார். லாரியிலிருந்த அத்தனை கோழிகளும் கூடச் சேர்ந்து கத்தின. தவில்காரர் பாவம், யாருக்கு வாசிப்பது என்று தெரியாமல் நின்றார்.

பட்டர்வொர்த் வந்தது. பலகையை இறக்கினார்கள். கோழி லாரி கிளம்பவில்லை! பின்னால் இருபது காடி, ஹாரன் சத்தம், பெரியப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார், சித்தி முருகா முருகா என்கிறார். லாரி ஓட்டியவர் வயதான ஒரு சீனர். கைலி கட்டிய மலாய்க்காரர்கள், பள்ளிச் சீருடையில் இருந்த பையன்கள், எல்லாரும் தள்ளுகிறார்கள். அசையவில்லை. கடைசியில் யார் இறங்கினார் தெரியுமா? மாப்பிள்ளை! பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, தலைப்பாகையைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, லாரியின் பின்னால் தோள் கொடுத்தார். லாரி கரை ஏறியது. வேட்டியில் என்னென்ன கறை என்று சபையில் சொல்ல வேண்டாம். முகூர்த்தத்துக்கு நேரமே வந்துவிட்டோம் என்பது இதில் பெரிய அதிசயம். இலை போட்ட நேரத்தில் அந்தச் சீனத் தாத்தா பந்தலுக்கே விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு கையில் அங்பாவ் என்னும் அன்பளிப்புப் பண உறை, மறு கையில் கூடை நிறையக் கோழி. சைவக் கல்யாணத்துக்கு! பெண்ணின் பாட்டி கூடையையும் வாங்கிக்கொண்டு அவரையும் உட்கார வைத்தார். கோழிகள் கொல்லைப்புறத்தில் நெடுநாள் முட்டையிட்டன.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் இந்தக் கதை பாலத்தில் நடக்குமா? பாலத்தில் பக்கத்துக் காடிக்காரர் முகத்தையே நாம் பார்ப்பதில்லை. வண்டி ஓடத்தில் ஏறிய ஊர் இது.

1894இல் தொடங்கிய ஃபெர்ரி 2021 ஜனவரி முதல் காடிகளை ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய படகுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 250 பேர், 50 மோட்டார் சைக்கிள்கள். சுத்தமாகவும் குளுகுளு என்றும் இருக்கின்றன. காடிகளை மறுபடி ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் இளைஞர்களைக் கேளுங்கள். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் வந்த நாளிலிருந்து அக்கரைப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலை மழையில், லாரிகளுக்கு நடுவில், பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடக்கிறார்கள். அந்த மோட்டார் சைக்கிள்கள் ஏன் படகில் ஏறக்கூடாது? பிறையிலிருந்து நேராகப் பாயான் லெப்பாஸ் கரைக்கு ஒரு படகு. அதுதான் என் கோரிக்கை. தெற்கே கடல் ஆழம் போதாது என்பார்கள். கடலைத் தூர்த்துத் தீவு உண்டாக்கத் தெரிந்தவர்களுக்குக் கடலைத் தூர்வாரத் தெரியாதா?

சுற்றுலாவும் இதில் இருக்கிறது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் ஆர்மேனியன் வீதிக்குப் போய், 2012இல் ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுக்க வரிசையில் நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சாப்பாடும் கப்பலிலேயே. லெபோ பாசாரில் தோசைக்கடை வைத்திருப்பவருக்கு என்ன கிடைத்தது? அவர்களை ஒரு படகில் ஏற்றி, அக்கரை காட்டி, ஜெரெஜாக் தீவைக் காட்டுங்கள். நம் முன்னோர்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த தீவு அது. தொழுநோயாளிகளையும் அங்கேதான் வைத்தார்கள், பிறகு சிறை ஆயிற்று. அந்தத் தீவுக்குச் சொல்ல எவ்வளவு கதை இருக்கிறது!

எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோமே, அதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. 1988 ஜூலை 31. அக்கரையில் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவும் தீவில் சீனர்களின் தெய்வமான குவான் யின் விழாவும் ஒரே நாளில் வந்தன. பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் கூட்டம் தாங்காமல் சரிந்து 32 பேர் இறந்தார்கள். இத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்று மேடையில் அறிவிப்பவர்கள், எத்தனை பேரைத் தாங்கும் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘ஐந்து நிமிடம்’ என்று எழுதியிருக்கிறது. அது வந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது போலிருக்கிறது. வாடகை பற்றிப் பேசவே இல்லை. 2000 தொடக்கத்தில் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு போயிற்று, குடியிருந்தவர்கள் போனார்கள், 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டம் வந்தது, விடுதிகள் வந்தன. இதைத் தனியாக ஒரு கூட்டம் போட்டுத்தான் பேச வேண்டும். டத்தோ அவர்கள் மண்டபம் தருவார்.

படகுக் கோரிக்கை மனு வாசலில், சுண்டல் வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. ஓடம் வண்டியில் ஏறுவதை அந்த எல்ஆர்டி பார்த்துக்கொள்ளட்டும், வண்டி ஓடத்தில் ஏறுவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுங்கள். அக்கரைக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். அவர்களுக்கு ஃபெர்ரிக்கு நேரமாகிறது. நன்றி, வணக்கம்.