வலி அறிந்தவர்கள் வைத்தியம் பார்க்கட்டும்

(கூடலூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை)

அன்பார்ந்த மாணவ மாணவியரே,

துன்பத்தைத் தாண்டி வந்து பிறருக்குத் துணை நிற்கும் இளைஞர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. இதே கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது.

1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில், பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் ரத்த நோயான அரிவாள் செல் கோளாறு இருப்பதைக் கண்டறிந்து எழுதினார்கள். இந்தியாவில் இந்நோய் பற்றிய தொடக்கப் பதிவுகளில் அதுவும் ஒன்று. ஆய்வுலகத்துக்குச் செய்தி போய்விட்டது. நோயாளியின் குடிசைக்கு மருந்து வரத்தான் பல்லாண்டுகள் ஆயின. இந்த மருத்துவமனையை நடத்தும், 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு அந்த வேலையைக் கையில் எடுத்தது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடும்பத்துப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கியது. பணியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் ஊசி போடும் கையோடு திரும்பி வருகிறாள்!

ஒரு மழைக்காலத்தில் அப்படிப்பட்ட பெண் ஒருவரோடு ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். கைகால் வலியில் துடித்த மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். முன்பு வேறோர் இடத்தில் “குளித்துவிட்டு வா” என்று விரட்டப்பட்டவர் அவர். என்னோடு வந்த பெண் பையைத் திறக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து, தங்கள் மொழியிலேயே, “கஞ்சி குடித்தானா?” என்றுதான் முதலில் கேட்டார். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் இந்த வலியைக் கிளப்பிவிடும். சிவப்பணுக்கள் அரிவாளாய் வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். ஆகவே வெந்நீர், போர்வை, அதன் பிறகு மாத்திரை.

“எங்கள் குலத்துக்குச் சாபமா?” என்று தாய் கேட்டார். அந்தப் பெண் அவரைக்கொட்டைகளை எடுத்தார். சிவப்பு என்றால் நோய்க்கூறு, வெள்ளை என்றால் நல்ல கூறு. தந்தையிடம் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, தாயிடமும் அப்படியே. ஆளுக்கொன்று பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார். இரண்டும் சிவப்பாக விழுந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. யார் மீதும் குற்றமில்லை என்று அந்தத் தாய்க்குப் புரிந்தபோது அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எத்தனை பெரிய டாக்டர் வந்திருந்தாலும் அந்தத் திண்ணையில் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பழங்குடி இளைஞர்களைப் ‘பயனாளிகள்’ என்று மேடைக்கு மேடை அழைப்பதை நிறுத்துவோம். உத்தியோகம் கொடுப்போம், பொறுப்புக் கொடுப்போம். 2023-இல் மத்திய அரசு அரிவாள் செல் ஒழிப்புக்கெனத் தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது. அதில் ஊர் ஊராகப் போகும் வேலைக்கு இந்த மலையின் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பழங்குடி மாணவர் பலருக்குச் செவிலியர் படிப்புக்கு முன்னால் மறித்து நிற்பது சாதிச் சான்றிதழ். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு விடுமுறை நாளில் அவர்களுடைய குடியிருப்புகளுக்குப் போங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்; கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூடவே செல்லுங்கள்; சான்றிதழ் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.